பூனைக்கு இன்சுலின் மாற்றுவதா? என்.பி.ஹெச்., லென்டே, பி.இசட்.ஐ., கிளார்ஜின்: ஓர் அலசல்

எங்கள் வீட்டு முத்துவுக்குப் பதினோரு வயது. குடும்பக் கட்டுப்பாடு செய்த ஆண் பூனை. ஆறு கிலோவுக்கு மேல் இருந்தவன் நாலரைக்கு இறங்கியபோதுதான் சர்க்கரை என்று தெரிந்தது. முதல் மூன்று மாதம் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் என்.பி.ஹெச். என்ற நடுத்தர நேர இன்சுலின் போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடவே உட்கார்ந்து, காது ஓரத்தில் குத்திக் குத்தி சுகர் பார்த்து நோட்டில் எழுதினேன். காலை ஊசிக்கு முன் 412. பதினோரு மணிக்கு 96. மூன்று மணிக்கு 288. மாலை ஊசிக்கு முன் 430.

மருந்து வேலை செய்கிறது, ஆனால் பாதி நாள்தான் செய்கிறது. டோஸைக் கூட்டினால் என்ன என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கூட்டினால் பதினோரு மணியின் 96 இன்னும் ஆபத்தான இடத்துக்கு இறங்கும், மாலையின் 430 பெரிதாக அசையாது. இப்படி ஒரு நாள் கணக்கு கையில் இருந்தால்தான் இன்சுலின் வகையை மாற்றுவது பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு.

என்.பி.ஹெச்.-இன் பலம் ஒன்றுதான்: எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும், விலையும் குறைவு. பூனையின் உடல் இன்சுலினை நம்மைவிட வேகமாகச் செலவழித்துவிடும். அதனால் இது பூனையில் 12 மணி நேரம் தாங்குவது அபூர்வம். மிக்ஸ்டார்ட் 30/70 என்ற கலப்பு இன்சுலின் பூனைக்கு இன்னும் பொருந்தாது. அதில் முப்பது சதவீதம் உடனே வேலை செய்யும் சாதா இன்சுலின். சடாரென்று இறக்கிவிட்டுப் போய்விடும். பெரியவர்களுக்கு வாங்கிய குப்பி ஃபிரிட்ஜில் இருக்கிறதே என்று தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

அடுத்து லென்டே. கேனின்சுலின், அமெரிக்காவில் வெட்சுலின் என்ற பெயர்களில் வருவது. பன்றி இன்சுலின், மில்லிக்கு 40 யூனிட். நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அமினோ அமில வரிசையில் அச்சு அசல் ஒன்றே என்பதால் நாய்களுக்கு இது நல்ல மருந்து. பூனையின் இன்சுலின் மாட்டு இன்சுலினோடு ஒரே ஓர் இடத்தில்தான் வேறுபடும். பன்றியோடு மூன்று இடத்தில், மனிதனோடு நான்கு இடத்தில். இதைப் படித்துவிட்டு மனித இன்சுலின் பூனைக்கு ஒத்துவராது என்று நானும் முதலில் பயந்தேன். நடைமுறையில் அந்த வித்தியாசத்தைவிட மருந்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே பெரிய விஷயம். லென்டே பூனையில் 8 முதல் 12 மணி நேரம் வரும், நான்கு மணி நேரம் வாக்கில் அடிமட்டத்தைத் தொடும். என்.பி.ஹெச்.-ஐவிட மேல்தான், ஆனாலும் ஏற்ற இறக்கம் தெரியும்.

பி.இசட்.ஐ. என்பது புரோட்டமின் என்ற புரதமும் துத்தநாகமும் சேர்த்து மெதுவாகக் கரைய வைத்த இன்சுலின். புரோசிங்க் என்ற பெயரில் 2009-இல் அமெரிக்காவில் பூனைகளுக்கென்றே அனுமதி பெற்றது. இதுவும் மில்லிக்கு 40 யூனிட். அமெரிக்கக் கால்நடை மருத்துவ வழிகாட்டுதல்கள் கிளார்ஜினுக்குச் சமமாக இதை வைக்கின்றன. கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். மனிதர்களுக்கான மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்காது, அதுதான் சிக்கல்.

எங்கள் டாக்டரும் நாங்களும் வந்து நின்ற இடம் கிளார்ஜின். அதன் விற்பனைப் பெயரான லான்டஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். இதன் சூட்சுமம் அமிலத்தன்மையில் இருக்கிறது. குப்பிக்குள் அமிலக் கரைசலாகத் தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் அங்கே அமிலம் குறைவு என்பதால் நுண்ணிய படிவாக மாறி, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். அதனால்தான் இதை வேறு இன்சுலினோடு கலக்கவோ தண்ணீர் விட்டு இளக்கவோ கூடாது. இளக்கினால் அந்தப் படிவு ஒழுங்காக உண்டாகாது.

இதற்குச் சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ராண்ட் குழுவினர் புதிதாகச் சர்க்கரை கண்ட 24 பூனைகளை எட்டு எட்டாகப் பிரித்து மூன்று இன்சுலின்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவு: கிளார்ஜின் போட்ட எட்டும் இன்சுலின் தேவைப்படாத நிலைக்கு வந்தன, பி.இசட்.ஐ.-இல் மூன்று, லென்டேயில் இரண்டு. எட்டு பூனை என்பது சின்னக் கணக்குதான். எல்லாவற்றுக்கும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், வீட்டிலேயே நெருக்கமாக சுகர் பார்த்து கிளார்ஜின் கொடுத்த பூனைகளில், நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் 84 சதவீதம் இன்சுலினை விட்டன. அதற்குப் பிறகு வந்தவற்றில் 35 சதவீதம். எங்களைத் தூங்கவிடாமல் செய்தது இந்த எண்கள்தான். முத்துவுக்கு அப்போது நான்காவது மாதம்.

வேறு பெயர்களும் காதில் விழும். டெடமிர், அதாவது லெவெமிர், பூனைகளில் நன்றாக நின்ற மருந்து. அமெரிக்காவில் 2024 கடைசியோடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். டூஜியோவும் கிளார்ஜின்தான், ஆனால் மில்லிக்கு 300 யூனிட். அதன் இன்சுலின் பேனாவிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தால் டோஸ் மூன்று மடங்காகிவிடும், எடுக்கவே கூடாது. அப்புறம் வாய்வழி மருந்துகள்: 2022 டிசம்பரில் அனுமதி பெற்ற பெக்ஸாகேட் மாத்திரை, 2023-இல் வந்த சென்வெல்கோ திரவ மருந்து. ஊசியே வேண்டாம் என்பது பெரிய ஆசைதான். ஆனால் அவை ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்கு உரியவை அல்ல. சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோன் (கொழுப்பு எரிவதால் ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) ஏறி உயிருக்கு ஆபத்து வரலாம். முத்துவுக்கு அந்த வழி அடைபட்டது.

இன்சுலினை மாற்றுவதற்கு முன் வேறு காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, அலர்ஜிக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு, ஊசி முடியில் போய் மருந்து வெளியே வழிவது, இவை எதுவானாலும் சுகர் இறங்காது. பிரிட்டனில் சர்க்கரையுள்ள 1,221 பூனைகளைச் சோதித்ததில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை அதிகம் சுரப்பதைக் காட்டும் அளவுகள் இருந்தன. அந்தப் பூனைக்கு எந்த இன்சுலினை மாற்றினாலும் டோஸ் ஏறிக்கொண்டே போகும். எங்கள் டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, சிறுநீரைச் சோதித்து, என்னை ஒரு முறை ஊசி போட்டுக் காட்டச் சொன்ன பிறகே சீட்டு எழுதினார்.

குப்பியா, இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜா என்பதும் ஒரு தேர்வுதான். 10 மில்லி குப்பியில் 1,000 யூனிட். ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் போகும் பூனைக்கு அது வருடக்கணக்கில் தீராது. திறந்த மருந்துக்கு உறையில் போட்டிருக்கும் கெடு 28 நாள். 3 மில்லி கார்ட்ரிட்ஜ் வாங்கினால் வீணாவது குறைவு.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. என் அம்மா பல வருடமாக மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் போட்டுக்கொள்பவர். கிளார்ஜின் தொடங்கிய முதல் நாள் காலை நான் முத்துவைப் பிடித்துக்கொண்டிருக்க, அம்மா ஊசியை எடுத்து வந்தார். "இது என்னடி, தண்ணி மாதிரி இருக்கு? கெட்டுப் போச்சா?" என்றார். என்.பி.ஹெச். பால் போலக் கலங்கலாக இருக்கும், கிளார்ஜின் தெளிவாகத்தான் இருக்க வேண்டும். அதை விளக்கிக்கொண்டே ஊசியைப் பார்த்தேன். சிவப்பு மூடி. பழக்க தோஷத்தில் அம்மா தன் சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்திருந்தார். 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு என்பது 0.025 மில்லி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள கிளார்ஜினில் அது இரண்டரை யூனிட். டாக்டர் சொன்னது ஒரு யூனிட். கொட்டிவிட்டு, ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சில் மறுபடி எடுத்தோம். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். அன்றே அம்மாவின் சிரிஞ்சுகள் அவர் அறை அலமாரிக்குப் போய்விட்டன.

பழைய டோஸை அப்படியே புது இன்சுலினுக்கு நகர்த்தக் கூடாது. முத்து என்.பி.ஹெச்.-இல் இரண்டு யூனிட்டில் இருந்தான். கிளார்ஜினை ஒன்றில் தொடங்கினோம். வழக்கமாக ஒரு பூனைக்கு ஒரு வேளைக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட்தான் தொடக்கம். முதல் சில நாள் எண்கள் ஏமாற்றமாகவே இருக்கும், மருந்து உடம்பில் நிலைப்பட நேரம் வேண்டும். ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது கஷ்டம்தான், ஆனாலும் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். சுகர் அளவுக்கு மீறி இறங்கியதைக் காட்டும் தள்ளாட்டம், திடீர்ப் பசி, நடுக்கம் தெரிந்தால் ஈறில் தேன் தடவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டோஸ் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குப் போய், மூன்றாவது வாரத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடந்துகொண்டிருந்தவன் இப்போது விரல் ஊன்றி நடக்கிறான். ஏழாவது வாரம் இது, டோஸ் அரை யூனிட். இன்று காலை ஊசிக்கு முன் 132 காட்டியது. ஊசி போடாமல் டாக்டருக்கு போன் செய்தேன். சாப்பாடு மட்டும் கொடுத்துவிட்டு, மாலை ஏழு மணிக்கு மறுபடி பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.