மியூசிக்எக்ஸ்எம்எல்லில் டிரெமொலோ: இரண்டு சுரம் வந்தால்தான் வம்பு

குழுவின் ஸ்கோர்களை (இசைக் குறியீட்டுப் பிரதிகளை) எல்லாம், இசை மென்பொருள்களுக்கிடையே பரிமாறிக்கொள்ள உதவும் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற கோப்பு வடிவத்தில் சேர்த்துவைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல வருஷமாக வயலின், செல்லோ பார்ட்டுகளை அதில்தான் வைத்திருக்கிறேன். மற்ற வசதிகள் எல்லாம் அவருக்கே தெரியும் என்பதால் டிரெமொலோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; ஒரு சுரத்தையோ மாறி மாறி இரண்டு சுரத்தையோ படபடவென்று திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் டிரெமொலோ. என் பொறுமையைச் சோதிப்பது அதுதான்.

ஒரே சுரத்தில் வில் படபடக்கும் வகைக்குக் கவலையே இல்லை. கோப்பில் ஆர்னமென்ட்ஸ் என்ற டேக்குக்குள் டிரெமொலோ டேக், வகை சிங்கிள், உள்ளே 3. நோட்டின் தண்டான ஸ்டெம்மின் குறுக்கே மூன்று சாய்கோடு விழுந்துவிடும். நோட்டின் கால அளவில் கை வைக்க வேண்டியதில்லை.

இரண்டு சுரம் மாறி மாறி வரும்போதுதான் வம்பு. நாலு பீட் கொண்ட ஒரு பார் (தாளக் கட்டம்) முழுக்க ஸி, ஈ என்ற இரண்டு சுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் வழக்கப்படி இரண்டையுமே நாலு பீட் நீளும் ஹோல் நோட்டாக வரைவார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒலிப்பது நாலே பீட். ஆகவே வரையும் வடிவத்தைச் சொல்லும் டைப்பில் ஹோல், ஒலிக்கும் நேரத்தைச் சொல்லும் ட்யூரேஷனில் அதில் பாதி. அப்புறம் இரண்டு நோட்டிலும் டைம்-மாடிஃபிகேஷன் (எத்தனை நோட்டின் நேரத்தில் எத்தனை நோட்டு என்ற விகிதம்), ஆக்சுவல் 2, நார்மல் 1. டிரெமொலோ வகை முன்னதில் ஸ்டார்ட், பின்னதில் ஸ்டாப். இரண்டு நோட்டின் நேரத்தில் மூன்று நோட்டு வரும் ட்ரிப்லெட்டுக்கும் இதே டைம்-மாடிஃபிகேஷன்தான். ட்ரிப்லெட்டுக்குள் டிரெமொலோ வந்தால் இரண்டு விகிதத்தையும் பெருக்கி 6-க்கு 2 என்று எழுத வேண்டும். கண்ணுக்காக ஏற்பட்ட ஒரு வரைமுறையைக் கணக்காக மாற்றி, அந்தக் கணக்கை நம் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு முறை ஒரு மென்பொருள் அந்த விகிதத்தை ட்யூப்லெட் (ட்ரிப்லெட் போலவே, ஆனால் இரண்டு நோட்டுத் தொகுதி) என்று எடுத்துக்கொண்டு, செல்லோ வரி முழுக்க நோட்டுக்கு மேல் 2 என்று எண் போட்டுத் தந்தது. ஒத்திகைக்கு முன்னால் ஒவ்வொன்றாக அழித்தேன்.

எழுத்தாகத் தட்டியதை இசைத்தாளாக வரைந்து தரும் லில்லிபாண்ட் மென்பொருளில் இதே பாருக்கு ஒரு வரி போதும்: ரிபீட் டிரெமொலோ 8, அடைப்புக்குள் ஒரு பதினாறாம் நோட் ஸி, ஒரு பதினாறாம் நோட் ஈ. எப்படி வாசிப்போமோ அப்படியே எழுதுகிறோம்; ஹோல் நோட்டாக வரைவது அதன் வேலை. எம்இஐ என்ற இன்னொரு இசைக் கோப்பு வடிவத்திலும் இரண்டு நோட்டும் எஃப்டிரெம் என்ற ஒரே உறைக்குள் உட்கார்ந்துவிடும்.

நியாயமாகவும் பேச வேண்டும். மியூசிக்எக்ஸ்எம்எல்லின் விதி தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நோட்டுகளை இணைக்கும் கோடான பீமை வைத்து டிரெமொலோ காட்டும் பழைய வழியை 2011-இல் வந்த 3.0 பதிப்பிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கணக்கில்லாமல் படபடப்பதற்கு அன்மெஷர்ட் என்று தனி வகையும் பின்னால் வந்தது. முக்கியமாக, வேறு வேறு மென்பொருள் வைத்திருக்கும் பத்துப் பேருக்கு ஒரே கோப்பை அனுப்ப இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை. லில்லிபாண்டிலிருந்து மியூசிக்எக்ஸ்எம்எல்லாக வெளியே எடுப்பது இன்னமும் அரைகுறைதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பரே, உங்கள் மூலப்பிரதியை இதில் வைக்காதீர்கள். அனுப்புவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அனுப்பியதும், வாங்கியவரை அவருடைய மென்பொருளில் டிரெமொலோ வரும் பார்களை மட்டுமாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.