'ஐஸ் வைட் ஷட்': தனியாகவா, துணையோடா?

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் கடைசிப் படமான இது (Eyes Wide Shut) 1999இல் வந்தபோது பாதிப் பேர் கொண்டாடினார்கள், மீதிப் பேர் 'செம இழுவை' என்று ஒதுக்கினார்கள். ஏற்காட்டில் வார இறுதிக்கு அறை எடுத்திருக்கும் சேலத்து நண்பர் இப்போது கேட்கிறார்: "இதை மனைவியோடு பார்க்கலாமா, தனியாகப் பார்ப்பதா?"

தனியாகப் பார்த்தால், முகமூடி போட்டவர்கள் கூடும் பாலுறவு விருந்துக் காட்சிக்கே கண் போகும். படம் வந்தபோது எழுந்த சர்ச்சையும் அதைப் பற்றித்தான். அமெரிக்கப் பிரதியில் கணினி உருவங்களைச் செருகி அங்கே நடப்பதை மறைத்தார்கள். இன்றைக்கு அதுதான் படத்திலேயே சாதாரணமான பகுதி. நிறுத்தி நிறுத்தி ஒளியை ரசிக்கலாம், அவ்வளவுதான் லாபம்.

துணையோடு பார்த்தால் கதை படுக்கையறைக்கு நகர்ந்துவிடுகிறது. ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, ஒரு கடற்படை அதிகாரியைப் பார்த்து மனம் தடுமாறியதை, மனைவியாக வரும் நிக்கோல் கிட்மன் நிதானமாகச் சொல்வார். எதுவும் நடக்கவில்லை, நினைத்தாள், அவ்வளவே. கணவனாக வரும் டாம் குரூஸிடம் பதிலே இல்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் தட்டுவடை செட்டை மெல்வதை நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள்; அடுத்த இரண்டு மணி நேரமும் அதைப் பற்றித்தான். (நடித்த இருவரும் அப்போது நிஜத் தம்பதி, 2001இல் பிரிந்தார்கள். அதை வைத்துப் படத்தை அளக்க வேண்டாம்.)

என் ஓட்டு துணையோடுதான். ஆனால் ஏற்காட்டு அறையில் வேண்டாம், சேலத்து வீட்டிலேயே, பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். மலையில் சண்டை வந்தால் 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரே வண்டியில்தான் இறங்க வேண்டும்.