மலைச்செடி கலந்தால் புது இனமா? இரண்டு வழி இருக்கு

ஏலகிரிக்கு வண்டியில் ஏறும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவுக்குள் செடிகொடி மாறுவது கண்ணுக்கே தெரியும். அடிவாரச் செடியும் மேல்மலைச் செடியும் நடுவில் சந்தித்துக் கலந்தால் என்ன ஆகும்?

முதல் வழி, குரோமோசோம் (செல்லுக்குள் மரபுத் தகவலைச் சுமக்கும் இழை) எண்ணிக்கை மாறாமல் கலப்பது. சிசிலியின் எட்னா எரிமலையில் செனிசியோ செடியில் இரண்டு இனம், ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுச்சரிவில் கலந்து நிற்கும். அந்தக் கலப்புச் செடியை 1700களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அது மதில் தாண்டி, ரயில் பாதைச் சரளைக்கல் வழியாக பிரிட்டன் முழுக்கப் பரவித் தனி இனமே ஆகிவிட்டது. தாய்ச்செடிகள் தொலைவில் இருந்ததால்தான் தப்பித்தது, பக்கத்திலேயே இருந்தால் திரும்பத் திரும்பக் கலந்து கரைந்துபோயிருக்கும்.

இரண்டாவது, எண்ணிக்கையே இரட்டிப்பது. அதே ஆக்ஸ்ஃபோர்ட் செடி (20 குரோமோசோம்) உள்ளூர்க் களை ஒன்றோடு (40) சேர்ந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் பாதியாக 10ம் 20ம் கூடி 30. இந்தக் குரோமோசோம்கள் சரியாக ஜோடி சேராது, அதனால் செடி கோவேறு கழுதை மாதிரி மலடு. அது இரட்டித்து 60 ஆனதும் விதை பிடித்தது. இந்தப் புது இனத்தை 1948ல் பிரிட்டனின் வேல்ஸில் கண்டுபிடித்தார்கள். இதற்குத் தூரமே வேண்டாம், தாய்ச்செடி பக்கத்தில் நின்றாலும் எண்ணிக்கை வேறு என்பதால் கலந்து கரையாது.

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கெட்டி. ஆனால் மலைக்கே உரிய வழி முதலாவது, சரிவு இல்லாமல் அந்தக் கலப்பே நடந்திருக்காது.