ரெசின் பேடா, மெட்டல் பேடா: தேய்ந்தது தெரிய வேண்டுமே!

போன வருடம் ஆகஸ்டில் வால்பாறையிலிருந்து சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து சாரல், ரோடெல்லாம் மண் கரைந்து ஓடுகிறது. ஆழியாறு அணை தெரியும் அந்த ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் பின் சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம், அரத்தால் இரும்பை ராவுவது போல. நிறுத்திப் பார்த்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை இருபுறமும் கவ்வி நிறுத்தும் பிரேக் பேடில் உராயும் பூச்சு சுத்தமாகக் காணோம், பின்தகடு நேராக டிஸ்கை அறுத்துக்கொண்டிருந்தது. முன் பிரேக் நன்றாக இருந்ததால் பிழைத்தேன், மீதி எட்டு வளைவையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். அதுவரை ஓட்டியது ரெசின் பேட். பயத்தில் மெட்டல் பேடுக்கு மாறி ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினேன். இப்போது மறுபடி ரெசினுக்கே வந்துவிட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். ரெசின் என்பது பிசின் கலந்து இறுக்கிய பேட், மென்மையானது, சத்தம் குறைவு, சூடேறாமலே முதல் அழுத்தில் பிடிக்கும். மழையிலும் சேற்றிலும் சீக்கிரம் கரையும், நீண்ட இறக்கத்தில் அதிகம் சூடானால் பிடி தளரும். மெட்டல் பேட் உலோகத் தூளை அச்சில் அழுத்திச் சூட்டில் இறுக்கியது, கோயமுத்தூர் பட்டறைக்காரர்களுக்கு சின்டரிங் என்று சொன்னாலே போதும். அது சூட்டைத் தாங்கும், ஈரத்திலும் நாள்பட உழைக்கும், ஆனால் சத்தம் போடும். டிஸ்கில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருந்தால் மெட்டல் பேச்சே வேண்டாம், அந்த டிஸ்க் அதைத் தாங்காது. ஆக, வாங்கும் முன் முதலில் டிஸ்கைப் படியுங்கள்.

சரி, எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பேட் தீர்ந்தது எப்படித் தெரியும்? அன்று காலை கிளம்பும்போது லீவரை அழுத்திப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. அதைத்தான் நம்பி இறங்கினேன். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வந்து இடைவெளியை அடைத்துவிடும். அதனால் புதுப் பேடிலும் தீரப்போகும் பேடிலும் லீவர் கையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கம்பி இழுத்து இயங்கும் கேபிள் டிஸ்க் பிரேக்கில் லீவர் ஹேண்டில்பார் பக்கம் நெருங்கி வந்து காட்டிக்கொடுக்கும், ஆனால் நாம் கேபிளை இழுத்து முறுக்கி அந்த அடையாளத்தையும் அழித்துவிடுகிறோம்.

சத்தத்தை நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. ‘கீச்’ என்று கத்தினால் பெரும்பாலும் எண்ணெய் பட்டிருக்கும், இல்லையென்றால் பேடின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது நாலு சொட்டு தெறித்தாலே போதும். அதற்கும் தேய்மானத்துக்கும் சம்பந்தமில்லை. தேய்ந்ததற்கான சத்தம் நான் கேட்ட அந்தக் கரகர சத்தம், அது கேட்கும்போது பேட் போய் டிஸ்கும் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கும் உதவாது. காந்திபுரத்துக்கும் பீளமேட்டுக்குமாக மாதக்கணக்கில் ஓட்டியும் தீராத பேட், மணல் கலந்த மழைநீரில் ஒரே ஒரு மலை இறக்கத்தில் தீர்ந்துவிடும்.

கண்ணால் பார்ப்பதுதான் வழி. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பேடுகள் உட்கார்ந்திருக்கும் காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து போன் டார்ச்சை அடியுங்கள். இரண்டு பளபளப்பான தகடு, அவற்றின் உள்பக்கம் கறுத்த பூச்சு, நடுவே மெல்லிய ஸ்பிரிங். அந்தப் பூச்சு 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்றச் சொல்கிறது பிரேக் கம்பெனி ஷிமானோ. இன்னொரு கம்பெனியான ஸ்ராம் தகடும் பூச்சும் சேர்த்து 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றச் சொல்கிறது. கனம் அளக்கும் வெர்னியர் இல்லாதவர்கள் ஏடிஎம் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கனம் 0.76 மி.மீ. பூச்சு அந்தக் கனத்துக்கு வந்த அன்றே நான் புதுப் பேட் வாங்கி வைத்துவிடுவேன். மலைக்குப் போவதாக இருந்தால் அப்போதே மாற்றியும் விடுவேன். இரண்டு பேடையும் பாருங்கள், ஒன்று மட்டும் சரிவாகவோ அதிகமாகவோ தேய்ந்திருந்தால் பிஸ்டன் ஒரு பக்கம் சிக்கியிருக்கலாம். அப்புறம், சக்கரம் கழன்றிருக்கும்போது லீவரைத் தொடவே கூடாது.

இதெல்லாம் இரண்டு பேடுக்கும் பொதுதானே என்பீர்கள். மெட்டல் போட்ட பிறகு நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன் என்பதுதான் நடந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் பேட் நன்றாகவே இருந்தது. ஜனவரியில் செயின் மாற்றக் கடைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் டிஸ்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்துவிட்டு, “பேடு இன்னும் ஆறு மாசம் வருமுங்க தம்பி, இதைப் பாருங்க” என்றார். என் நகத்தை வைத்துப் பார்த்தேன், படிக்கட்டு மாதிரி தட்டியது. கணபதியில் நான் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு டிஸ்கைக் கொண்டுபோய் மைக்ரோமீட்டரில் அளந்தேன். புதிதில் 1.8 மி.மீ. இருந்தது 1.62 ஆகியிருந்தது. அந்த டிஸ்கிலேயே குறைந்தபட்சம் 1.5 என்று பொறித்திருக்கிறது. பின்தகடு உராய்ந்த அன்றே கொஞ்சம் போயிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் முன் டிஸ்கும் 1.67க்கு இறங்கியிருந்தது, அதில் தகடு உராயவே இல்லை.

அதனால்தான் திரும்பி வந்தேன். ரெசின் பேட் தன்னைத் தேய்த்துக்கொண்டு டிஸ்கைக் காப்பாற்றுகிறது. பேட் மலிவு, பத்து நிமிட வேலை, தேய்ந்தது கண்ணுக்கு நேராகத் தெரியும். டிஸ்க் தேய்வது பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு, டார்ச்சில் தெரியாது. என்ன, ரெசின் போட்டால் மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், மழையில் மலை ஏறி இறங்கினால் வந்த அன்றே பார்க்க வேண்டும். அந்த வேலையை நான் சந்தோஷமாகச் செய்வேன்.

மெட்டலை நான் ஒரே ஒரு செட்தான் ஓட்டியிருக்கிறேன், என் எடையும் 62 கிலோதான். வால்பாறையிலோ கோத்தகிரியிலோ குடியிருந்து மழையிலும் தினமும் இறங்குகிறவர், பின்னால் சுமை கட்டி ஓட்டுகிறவர் மெட்டல்தான் வேண்டும் என்றால் நான் மறுக்க மாட்டேன். அவர்கள் டிஸ்கின் கனத்தையும் சேர்த்து அளந்துகொண்டே இருக்கட்டும்.

இப்போது சீட்டுக்கு அடியில் உள்ள பையில் ஒரு செட் ரெசின் பேட், பேடைப் பிடித்து நிறுத்தும் புது ஸ்ப்ளிட் பின், சின்னக் குறடு எப்போதும் இருக்கிறது. புதுப் பேட் போட்டதும் நேராக மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதள ரோட்டில் மிதமான வேகத்துக்குப் போய், சக்கரம் சிக்காமல் நடை வேகத்துக்கு வரும்வரை பிரேக் பிடியுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். இருபது முறை இப்படிச் செய்தால் பிடி ஏறுவது விரலிலேயே தெரியும்.