பழைய சோனகத் தெரு ஒழுங்கையில் ஒரு தகரக் கடை: கேக் தட்டும் புனலும் பூவாளியும்

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். என் ஓவன் சின்னது. கடைகளில் கிடைக்கிற தட்டு ஒன்றில் உள்ளே போகாது, இல்லாவிட்டால் ஒரு பக்கம் இரண்டு அங்குலம் வீணாகக் கிடக்கும். போன வருடம் வாங்கிய கறுப்புப் பூச்சுத் தட்டு ஆறு மாதத்தில் உரியத் தொடங்கியது, ஒருநாள் பட்டர் கேக்கின் அடியில் கறுப்புத் துகள் ஒட்டியிருந்ததைக் கண்டு அந்தக் கேக்கை யாருக்கும் கொடுக்காமல் குப்பையில் போட்டேன், தட்டையும் சேர்த்து. அப்போதுதான் சித்தி சொன்னார், புறக்கோட்டையில் ஒரு தகரக்காரர் இருக்கிறார், அளவைச் சொன்னால் அடித்துத் தருவார் என்று.

100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய் அங்கிருந்து நடந்தேன். பழைய சோனகத் தெருவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆணி, சங்கிலி, குழாய், பெயின்ட், கயிறு என்று தெரு முழுக்க இரும்புச் சாமான் கடைதான், சுமை தூக்கும் நாட்டாமைகள் வண்டி தள்ளுகிற அவசரத்தில் நின்று வழி கேட்கவும் இடமிருக்காது. இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒழுங்கைக்குள் திரும்பியதும் மரச்சுத்தியல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் சரி.

ஒரு ஓட்டோ நிற்கிற அளவு அகலம், அவ்வளவுதான் கடை. மேலே கம்பியில் பூவாளி, புனல், உண்டியல், கடிதப் பெட்டி, பீலிக்கு வைக்கிற மூலைத் துண்டுகள் எல்லாம் தொங்குகின்றன. தரையில் பதித்த ஒரு தண்டவாளத் துண்டுதான் பட்டடை. அறுபது தாண்டிய ஒருவர் சாரத்தோடு பலகையில் உட்கார்ந்து வேலை செய்கிறார். எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கடதாசியில் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன்: 7 அங்குலம், 11 அங்குலம், உயரம் இரண்டரை. "மூலைகளுக்கு நல்லா ஈயம் வைச்சுத் தாங்க நானா, பட்டர் ஒழுகக் கூடாது" என்றேன். கடதாசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மகள், ஓவன எத்தனையில வைப்பீங்க?" 170, சில நேரம் 180 என்றேன். "அப்ப ஈயம் வைக்க ஏலாது. உள்ளுக்கே இளகிப் போகும். சாப்பாட்டுக்குள்ள வேற போகும்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. ஒட்டு வேலைக்கான ஈயத்தில் பேர்போன கலவை 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும். அது 183 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும், கேக் வேகும் சூட்டுக்கும் அதற்கும் இடையில் ஒன்றுமில்லை. உலோகத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்த எனக்கு அது தோன்றவில்லை, அவருக்கு முதல் கேள்வியே அதுவாக இருந்தது.

ஆகவே ஒட்டே இல்லாத தட்டு. ஆணி முனையால் வெள்ளைத் தகரத்தில் (வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு) கோடு கீறி ஒரே துண்டாக வெட்டினார். நாலு பக்கத்தையும் நிமிர்த்தும்போது மூலையில் மிஞ்சுகிற தகரத்தை வெட்டி எறியாமல், கடித உறையின் மூலையை மடிப்பதுபோல் மடித்து, வெளிப்பக்கமாகச் சாய்த்து, சுத்தியலால் படிய வைத்தார். வெட்டு இல்லாத மூலையில் ஒழுக வழியே இல்லை. விளிம்புக்குள் ஒரு கம்பியை வைத்துத் தகரத்தை அதன்மேல் சுருட்டினார், தட்டு நெளியாமல் இருப்பதும் கை வெட்டாமல் இருப்பதும் இதனால்தான். கம்பியின் தடிப்பைப்போல் இரண்டரை மடங்கு தகரத்தை இதற்காக விட வேண்டுமாம். 3 மில்லிமீற்றர் கம்பி என்றால் ஏழரை. அவர் அளக்கவில்லை, விரல் நகத்தை வைத்துப் பார்த்தார், பிறகு நான் ஆசைக்கு அளந்தபோது நாலு பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

தேங்காய் எண்ணெய் ஊற்ற ஒரு புனலும் கேட்டேன். உண்மையில் என்னை அங்கே கட்டிப்போட்டது அந்தப் புனல்தான். கவராயத்தை விரித்து அரைவட்டம் போட்டு வெட்டினார், அதைச் சுருட்டினார், கூம்பு வந்துவிட்டது. புனல் வாயின் விட்டமும் சாய்வின் நீளமும் ஒன்றாக இருந்தால் அரைவட்டத் தகரம் மிச்சம் மீதியின்றி ஒரு புனலாகும். நம்பாதவர்கள் கடதாசியில் வெட்டிப் பாருங்கள், நான் மூன்று தரம் வெட்டினேன். இதற்கு ஒட்டு வேண்டும், சூடு படாது என்பதால் வைக்கலாம். ஆனால் எந்த ஈயம்? தமிழில் நாம் இரண்டுக்கும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், காரீயம் நஞ்சு, வெள்ளீயம் நஞ்சில்லை. அவரிடம் இரண்டு குச்சிகள் இருந்தன. ஒன்றை என் காதருகே பிடித்து வளைத்தார், கறகறவென்று மெல்லிய சத்தம் வந்தது. வெள்ளீயம் வளையும்போது அப்படி முனகும். காரீயம் சத்தம் போடாது. "வாயில படுற சாமானுக்கு இது மட்டும்தான்" என்று அந்தக் குச்சியை எடுத்தார். தனி வெள்ளீயம் உருக 232 பாகை வேண்டும், விலையும் கூட, ஆனாலும் கலவைக் குச்சியைப் புனல் பக்கமே கொண்டுவரவில்லை.

சிரட்டைக் கரி அடுப்பில் செம்பு முனை வைத்த கோல் காய்ந்துகொண்டே இருக்கிறது. அதை, முனையைச் சுத்தமாக்குகிற உப்பான நவச்சாரக் கட்டியில் ஒரு தேய்ப்பு, வெள்ளைப் புகை, முனை பளபளக்கும், அப்புறம் ஈயத்தைத் தொட்டால் தண்ணீர் மாதிரி ஏறிக்கொள்ளும். தகரத்தைத் துடைக்கிற திரவத்தை அவரே தயாரிக்கிறார், அசிட்டில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, நுரைத்து அடங்கும் வரைக்கும் காற்றோட்டமான வாசலில் வைத்துவிடுகிறார். அந்த மணம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் சற்று எட்டி நிற்பது நல்லது.

மூன்றாவது, அம்மம்மாவின் பூவாளி. அடித்தகடு துருப்பிடித்துப் போயிருந்தது. புதுசு வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். பழைய அடியை வெட்டி எடுத்துவிட்டு, 26 கேஜ் தடிப்புள்ள தகட்டில் புதிய அடி வைத்து, விளிம்பை மடித்துப் பூட்டி, அதன்மேல் ஈயம் ஓட்டினார். இதற்குக் கலவை ஈயம்தான், பூச்செடிக்குப் போகிற தண்ணீர்தானே. ஒரு பிளாஸ்டிக் பூவாளி வெடித்தால் அதோடு முடிந்தது, இதை இன்னும் எத்தனை தரமும் திறந்து மூடலாம்.

வேலை செய்துகொண்டே கதைத்தார். முந்தி மண்ணெண்ணெய் வந்த பெரிய சதுரத் தகரங்களைப் பிரித்தே பாதிச் சாமான் செய்வார்களாம். பிறகு பிளாஸ்டிக் வாளி வந்தது, பீலியும் பிளாஸ்டிக்காகிவிட்டது. 2022இல் எரிவாயு இல்லாமல், ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரமும் இல்லாமல் கிடந்தோமே, அப்போது மட்டும் விறகு அடுப்புக்கும் விளக்குக்கும் ஆட்கள் வாசலில் நின்றார்களாம். அந்த நாளிலும் மூடி இறுக்கமில்லாத குப்பி விளக்குச் செய்து தர மறுத்திருக்கிறார், விழுந்தால் எண்ணெய் கொட்டி ஆளே எரிந்துவிடும் என்று. இப்படி எரிந்து வருகிறவர்களைப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர உருண்டு போகாத, திருகு மூடி வைத்த விளக்கை உருவாக்கினார், அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. நானாவின் கடையில் தொங்குகிற விளக்குகளும் திருகு மூடிதான்.

கூட ஒரு இளைஞர் இருக்கிறார், சகோதரியின் மகன். இரண்டு வருடமாகப் பழகுகிறாராம். தகரத்தில் கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு சாமானையும் கடதாசியில் மடித்துக் காட்ட வேண்டும், அது நானாவின் சட்டம். அந்த இளைஞரின் நண்பர்கள் அலுமினியம் ஃபிட்டிங் வேலைக்குப் போய்விட்டார்கள், அங்கே நாள் கூலி நிச்சயம். பிரித்தானியாவில் 2017 முதல் அழியும் நிலையிலுள்ள கைத்தொழில்களுக்கு ஒரு சிவப்புப் பட்டியல் வெளியிடுகிறார்கள், தகர வேலையும் அதில் உண்டு. நம் ஊரில் பித்தளை விளக்கைக் கைவினை என்று கொண்டாடுகிறோம், தகரத்தை ஏழையின் சாமான் என்று விட்டுவிட்டோம், எனக்கு இது பெரிய வருத்தம். அந்த இளைஞர் அங்கேயே இருக்க வேண்டுமென்றால் அவருக்குத் தேவை ஓர்டர். போய்ப் படம் எடுத்துவிட்டு வராமல் ஏதாவது செய்யக் கொடுங்கள்.

தட்டு 1,800 ரூபா, புனல் 500, பூவாளிக்கு 700. கடையில் வாங்கிய அந்தக் கறுப்புத் தட்டு இதைவிட விலை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வியாழன் தருவதாகச் சொன்ன பூவாளி அடுத்த செவ்வாய்தான் கிடைத்தது, ஒரு நாள் சும்மா போய்த் திரும்பினேன், தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவதே நல்லது. காசுதான், கார்ட் இல்லை, பில்லும் இல்லை. தட்டின் மடிப்புக்குள் மாவு போய் இருக்கிறது, பழைய பல்துலக்கி வைத்துக் கழுவ வேண்டியிருக்கிறது. கழுவிய உடனே துடைத்து, ஆறுகிற ஓவனுக்குள் வைத்து உலர்த்திவிடுங்கள், கம்பி நார் போட்டுத் தேய்க்கவே கூடாது, வெள்ளீயப் பூச்சு கீறினால் துருப்பிடிக்கும். 220க்கு மேல் சூடாக்கவும் வேண்டாம் என்றார். புதுத் தட்டு பளபளப்பாக இருப்பதால் சூட்டைத் திருப்பி விடுகிறது, முதல் இரண்டு கேக்கும் சிவக்க எனக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. இப்போது தட்டு கறுத்து வருகிறது, நேரமும் சரியாகிவிட்டது. கேக்கின் அடி ஒரே சீராக வருகிறது, மூலை கூர்மையாக நிற்கிறது, ஐசிங் போடும்போது அந்த மூலையின் அருமை தெரியும்.

போகிறவர்கள் அளவை எழுதிக்கொண்டு போங்கள், ஓவனின் உள் அளவையும் சேர்த்து. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்கு மூடிவிடுவார், ஞாயிறு இல்லை. நத்தார் கேக்குக்குத் தட்டு வேண்டுமானால் நவம்பரிலேயே சொல்லி வையுங்கள். நான் அடுத்த கிழமை அம்மாவின் றங்குப் பெட்டியைக் கொண்டுபோகிறேன், பூட்டுப் பட்டை கழன்று நாலு வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.