'சுங்கத்தில் பார்சல்' என்று காசு கேட்டால் போடாதீர்கள்

கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். முகநூலில் பழகிய ஒருவனை நம்பி போன வருடம் 183,000 ரூபாய் இழந்தேன். அவன் இப்போது எங்கட பக்கத்தில் வேறு யாருடன் கதைத்துக்கொண்டிருக்கிறானோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மே 18 அன்று, முள்ளிவாய்க்காலில் காணாமல்போன அண்ணாவின் படத்தைப் போட்டிருந்தேன். மறுநாளே செய்தி வந்தது. தானும் புதுக்குடியிருப்பாம், 2009இல் தம்பியைப் பறிகொடுத்தவனாம், இப்போது டொரண்டோவிலாம். மூன்று மாதம் காசுக் கதையே இல்லை. "சாப்பிட்டீங்களா?", "அம்மான்ர கால்நோ எப்பிடி?" என்றுதான் கேட்பான். என்னை அப்படி விசாரிக்க வேறு ஆள் இருக்கவில்லை. என் காயத்தை நானே எழுதிவைத்தேன். அவன் அதை வாசித்துவிட்டு அதே காயத்தோடு வந்தான். கல்யாணப் பேச்சு வந்ததும், "நான் வரும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, கண்ணூறு படும்" என்றான். வீடியோ கோல் கேட்டால் கமரா பழுது.

ஆகஸ்டில் பார்சல் படம் அனுப்பினான். இரண்டு நாளில் கட்டுநாயக்க சுங்கம் என்று சொல்லி ஒரு பெண் கோல் எடுத்து 48,000 கட்டச் சொன்னாள். சங்கிலியை அடகு வைத்துப் போட்டேன். அப்புறம், உள்ளே டொலர் இருக்கிறது, தண்டம் 135,000 என்றாள். சந்தேகம் வராமல் இல்லை. இப்போது விட்டால் முதல் கட்டியதும் போய்விடுமே என்ற எண்ணம்தான் சீட்டுக்காசையும் எடுக்கவைத்தது.

மூன்றாம் தடவை கேட்டபோது தங்கச்சி சிலிப்பைக் கண்டுவிட்டாள். "அக்கா, சுங்கத்துக்குக் கட்டுற காசு ஏன் ஒரு ஆளின்ர பேருக்குப் போகுது?"

அன்றிரவு பழைய செய்திகளை எல்லாம் திரும்ப வாசித்தேன். காலை 8 மணிக்கு, "இப்பதான் எழும்பித் தேத்தண்ணி குடிக்கிறன்" என்று எத்தனை தடவை! அந்த நேரம் டொரண்டோவில் முதல்நாள் இரவு பத்தரை.

இப்படி மாட்டினால் முதலில் வங்கிக்கு ஓடுங்கள், பிறகு பொலிஸ். இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச அமைப்பான இலங்கை செர்ட்டின் (CERT) 101க்கும் அழைக்கலாம். செய்திகளையும் சிலிப்பையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். போன காசை மீட்டுத் தருவதாக வருபவனுக்கும் ஒரு சதம் கொடுக்காதீர்கள். எனக்கு அப்படியும் ஒருவன் வந்தான்.

வெட்கத்தில் நான் ஒன்பது நாள் வெளியே சொல்லவில்லை. வங்கிக்குப் போனபோது அந்தக் கணக்கு வெறுமையாக இருந்தது.