பன்னிரண்டு கம்பிக் கிற்றாருக்கு நட் மாற்றக் கொடுத்து 18,500 ரூபாவை இழந்தேன்: திருகோணமலையில் உள்ளவர்கள் கவனிக்கவும்

திருகோணமலை நகரில் இசைக்கருவிகளை விற்பதோடு திருத்தியும் கொடுக்கின்ற கடை ஒன்றுக்கு 18,500 ரூபாவைக் கொடுத்து, ஓரளவு நன்றாக இருந்த என் கிற்றாரை வாசிக்கவே முடியாத நிலையில் திரும்பப் பெற்றிருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நகரில் இப்படியான கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருப்பதால், எந்தக் கடையில் கொடுத்தாலும் கவனமாக இருங்கள் என்பதற்காகவே கோபம் ஆறுவதற்கு முன்பு இதை எழுதுகிறேன்.

என்னுடையது பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிற்றார். கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்தது. அதன் நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கி நிற்கும் அந்தச் சிறு கட்டையில், பள்ளங்களின் ஆழம் போதாமல் இருந்ததால் கம்பிகள் முதலாவது ஃபிரெட்டுக்கு, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் முதலாவதுக்கு, மேலே மிக உயரமாக நின்றன. பன்னிரண்டு கம்பிகளும் ஆறு சோடிகளாக நிற்பதால் ஒரே விரலால் இரண்டு கம்பிகளைச் சேர்த்து அழுத்தவேண்டிய கருவியில் இது பெரும் தொல்லை. எஃப் கோர்ட் (பல கம்பிகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் ஒரு சுரக்கூட்டு) பிடித்தால் விரல் நோவது ஒருபுறமிருக்க, கம்பி கீழே இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். எலும்பில் புதிய நட் ஒன்றைச் செய்து, ஒவ்வொரு கம்பியின் தடிப்புக்கும் பொருத்தமான அரத்தால் பள்ளம் வெட்டினால் தீர்ந்துவிடுகிற குறைதான் இது.

கடைக்காரர் பேச்சில் வல்லவர். கிற்றாரை வாங்கியவுடன் கழுத்தை ஒரு கண்ணை மூடி நேர்பார்த்தார். பிறகு மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தி, முதலாவது ஃபிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி நிற்கிறது என்று எனக்குக் காட்டினார். ஒரு தாள் நுழையும் அளவே இருக்கவேண்டிய இடத்தில் தடித்த அட்டையே நுழையும் போலிருக்கிறதே என்று சிரித்தார். 1964 இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜோர்ஜ் ஹரிசனுக்குக் கிடைத்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பன்னிரண்டு கம்பிக் கிற்றாரைப் பற்றியும், வழக்கமான பன்னிரண்டு கம்பிக் கிற்றார்களில் சோடியின் மெல்லிய கம்பி முதலில் வர, ரிக்கன்பேக்கரில் தடித்தது முதலில் வரும் என்பதைப் பற்றியும் அவர் சொன்னவை எல்லாம் சரியானவை. இவ்வளவு தெரிந்தவர் வேலையிலும் அப்படித்தான் இருப்பார் என்று நம்பாமல் வேறு என்ன செய்வது? "மாட்டெலும்பு நட், தம்பி. கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேணும். உங்கட பிள்ளையைப் போலப் பார்த்துத் தாறன்" என்றார். நட், கம்பித் தொகுதி, கூலி எல்லாமாக 18,500 ரூபா. அதில் 10,000 ரூபாவை முற்பணமாக வாங்கிக்கொண்டு, ஒரு துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

சொன்ன தவணை தாண்டி, அடுத்த தவணையும் தாண்டி, ஒருவாறு கிற்றார் தயாரென்று அழைத்தார். நான் போனபோது அவரே அதை ஆம்பிளிஃபயரில் இணைத்து, ஏழாவது ஃபிரெட்டுக்கு அண்மையில் பார் கோர்ட்டுகளை (ஒரு விரலைக் குறுக்கே வைத்துக் கம்பிகளை அழுத்திப் பிடிப்பவை) வைத்து அருமையாக வாசித்துக் காட்டினார். அந்த இடத்தில் விரலே கம்பியை நிறுத்துவதால் நட்டின் குறை எதுவும் காதுக்கு எட்டாது என்பதைத் தெரிந்தே வாசித்தார் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். மிகுதி 8,500 ரூபாவையும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் கம்பிகளைத் திறந்தபடி, அதாவது எங்கும் விரலால் அழுத்தாமல், மீட்டியபோது ஒன்றுவிடாமல் இரைந்தன. நிலாவெளி விடுதிகளில் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கம்பிகளைத் தளர்த்தி நட்டைத் தட்டிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அடிப்பக்கம் பெட்டிபோல் உள்ளே வெறுமையாக இருந்தது; ஓரத்தில் அச்சில் வார்த்த கோடு நேராக ஓடியது. எலும்பில் எங்கே ஐயா அச்சுக்கோடு வரும்? அது ஆறு கம்பிக் கிற்றாருக்குரிய மலிவுப் பிளாஸ்டிக் நட். ஏற்கெனவே இருந்த ஆறு பள்ளங்களுக்குப் பக்கத்தில் இரும்பு அறுக்கும் வாளின் அலகால் இன்னும் ஆறு கீறியிருக்கிறார்கள். மூன்றாவது சோடியின் மெல்லிய கம்பி 0.008 அங்குலம், ஆறாவது சோடியின் தடித்தது 0.046 அங்குலம், இரண்டுக்கும் ஒரே அலகு! மெல்லியது பள்ளத்துக்குள் ஆடியது, தடித்தது சிக்கிக்கொண்டு சுருதி சேர்க்கும்போது 'டிக்' என்று தாவியது. பள்ளங்கள் முதலாவது ஃபிரெட்டின் மட்டத்துக்கே இறங்கியிருந்தன; கம்பிகள் ஃபிரெட்டில் உரசி இரைந்தது அதனால்தான். இவற்றையெல்லாம்விட வயிற்றெரிச்சல், பழைய நட்டைச் சுற்றியுள்ள வார்னிஷைக் கத்தியால் கீறிப் பிரிக்காமல் நெம்பி எடுத்ததில் கழுத்தின் ரோஸ்வூட் பலகை நுனியில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்ததுதான். புதிய நட் போடலாம், பெயர்ந்த மரத்தை யார் தருவார்?

கடைக்குத் திரும்பிப் போனால், முதலில் புதுக் கம்பி படியவேண்டும் என்றார். பிறகு கடற்காற்றில் மரம் ஊதியிருக்கும் என்றார். அதற்குப் பிறகு நான் பலமாக மீட்டுவதுதான் குற்றமாயிற்று. பன்னிரண்டு கம்பி என்றால் கொஞ்சம் இரையத்தான் செய்யுமாம். கழற்றிய நட்டை மேசையில் வைத்து அடிப்பக்கத்தைக் காட்டியபோது, "இப்ப வாற எலும்பு இப்படித்தான் வருது, தம்பி" என்று கண்ணிமைக்காமல் சொன்னார். பழைய நட்டையாவது தாருங்கள் என்று கேட்டேன், குப்பையோடு போய்விட்டதாம். பள்ளங்களைச் சூப்பர் குளூவால் நிரப்பித் திரும்ப வெட்டுவதற்கு இன்னும் 4,000 ரூபா கேட்டதுதான் உச்சம். இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். கடையில் நிற்கும் பையன் "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார், அண்ணா" என்கிறான், உள்ளே முதலாளியின் இருமல் கேட்கிறது. 18,500 ரூபாவுக்கு எனக்கு மிஞ்சியது அந்த இருமல்.

எப்படிக் கவனமாக இருப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. சுருக்கமாக: கடையின் பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள், அதில் 'எலும்பு நட்' என்று எழுதுவியுங்கள். கம்பித் தடிப்புக்கேற்ற அரங்களைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் எழுந்து வாருங்கள். பழைய நட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். திரும்ப எடுக்கும்போது நீங்களே வாசியுங்கள், திறந்த கம்பிகளை ஒவ்வொன்றாக. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. நான் முறைப்பாடு செய்கிறேன், இதே கதி நேர்ந்தவர்கள் நீங்களும் செய்யுங்கள்.

18,500 ரூபா திரும்பி வந்தால் அதையும் இதன் கீழே எழுதுவேன். இந்த நிமிடம்வரை ஒரு சதமும் வரவில்லை.